வாசலில் யாரோ! அலாரத்தை ஸ்மார்ட் வீட்டோடு இணைப்பது எப்படி?

பெரிய சாலையிலிருந்து பிரிந்து, இரு பக்கமும் செம்பனை மரங்கள் நிற்கும் மண்பாதையில் நாற்பது ஐம்பது மீட்டர் உள்ளே போனால் ஒரு வீடு. பேராக்கிலும் ஜொகூரிலும் கெடாவிலும் இப்படிப்பட்ட தனி வீடுகளை இன்றும் பார்க்கலாம். பாதை முனையில் ஒருவர் நின்று கூப்பிட்டாலும் வீட்டுக்குள் கேட்காது. மழை பெய்தால் மோட்டார் சைக்கிள் சத்தம்கூடக் கேட்காது. இத்தகைய வீடுகளுக்குப் பொருத்தமான எளிய கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் டிரைவ்வே அலாரம். வீட்டுக்கும் சாலைக்கும் இடையே நீண்ட பாதை உள்ள அமெரிக்க, ஆஸ்திரேலியப் பண்ணை வீடுகளில் இது நன்கு அறிமுகமானது. நாம் இதை ‘வாசல் அலாரம்’ என்றே அழைப்போம்.

அதில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று பாதையோரத்தில் கம்பத்தில் பொருத்தப்படும், பேட்டரியில் இயங்கும். அதுதான் கண். மற்றொன்று வீட்டுக்குள் இருக்கும், அதுதான் வாய். வெளிப்பெட்டியின் முன்னால் ஏதாவது நடமாடினால், அது வானொலி அலை வழியாக உள்பெட்டிக்குச் செய்தி அனுப்பும். உள்பெட்டி ‘டிங் டாங்’ என்று ஒலித்து, சிறு விளக்கைச் சிமிட்டும். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. காது சரியாகக் கேட்காத தாத்தா பின்னறையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு அஞ்சல்காரர் வந்து பெட்டி ஒலித்தாலும் அவருக்குத் தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பூனை போனால், எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த அக்காள் விழித்துக்கொள்வார். வீட்டில் யாருமே இல்லாதபோது அது சுவருக்காக ஒலித்துக்கொண்டிருக்கும். பெட்டிக்கு நேரம் தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

இதையே வீட்டுத் தானியக்க முறையோடு, அதாவது நாம் ஸ்மார்ட் ஹோம் என்று சொல்கிறோமே, அதோடு இணைத்துவிட்டால் நிலைமை மாறும். தாத்தாவின் அறை விளக்கு மூன்று முறை அணைந்து எரியும். இருட்டிய பிறகு என்றால் முன்வாசல் விளக்கு எரியும். வீட்டில் யாரும் இல்லையென்றால் அம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி போகும். இவை எல்லாம் செய்யக்கூடியவையே.

ஆனால், கடையில் வாங்கும் சாதாரண அலாரத்தில் கணினியோடு பேச வழி எதுவும் இருப்பதில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்: ‘ஆம்’. கணினி மொழியில் சொன்னால் ஒரு பிட். 0 அல்லது 1. அந்த ஒற்றைச் சொல்லைப் பெட்டியிலிருந்து பாதுகாப்பாக வெளியே எடுப்பது முதல் வேலை; ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வீட்டுக்குக் கற்றுக்கொடுப்பது இரண்டாவது வேலை. அதற்குச் சில வாரங்கள்கூட ஆகும். பலரும் முதல் வேலையோடு நிறுத்திவிடுவதால்தான், ஆசையாகச் செய்த கருவியைப் பத்தே நாளில் வீட்டில் யாராவது பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கண் எதைப் பார்க்கிறது?

பெரும்பாலான வாசல் அலாரங்களின் வெளிப்பெட்டியில் இருப்பது பிஐஆர் எனப்படும் அகச்சிவப்பு உணரி. அது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. நம் உடலிலிருந்து வெளியாகும் வெப்பக் கதிர்களைப் பெற்றுக்கொள்வதோடு சரி. மனித உடல் மிக அதிகமாக வெளியிடும் கதிரின் அலைநீளம் ஏறக்குறைய 9.5 மைக்ரோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட இது பத்து மடங்குக்கும் மேல் நீளமானது.

உணரியின் உள்ளே, வெப்பம் மாறினால் மின்னேற்றம் காட்டும் படிகத்துண்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். மேகம் விலகி வெயில் அடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சூடாகும். ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். ஆனால் ஒருவர் குறுக்கே நடந்து போனால், முதலில் ஒரு துண்டின் மீதும் பிறகு அடுத்த துண்டின் மீதும் வெப்பக் கதிர் விழும். ஒரு கூட்டல், ஒரு கழித்தல் எனச் சமிக்ஞை ஏறி இறங்கும். அதைத்தான் மின்சுற்று ‘நடமாட்டம்’ என்று கொள்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான நடைமுறை விதி கிடைக்கிறது. உணரியை நோக்கி நேராக வருபவரைவிட அதன் குறுக்கே நடப்பவரையே அது நன்றாக உணரும். எனவே பெட்டியைப் பாதையின் நீளவாக்கில் பார்க்கும்படி வைக்கக்கூடாது; குறுக்குவாக்கில் பார்க்கும்படி வைக்கவேண்டும். பெட்டியின் முகப்பில் பால் நிறத்தில் கோடு கோடாக இருக்கும் வில்லை, பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் 1820களில் கலங்கரை விளக்கங்களுக்காக உருவாக்கிய வில்லையின் பேரப்பிள்ளை. அது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆனது. சாதாரணக் கண்ணாடி 9.5 மைக்ரோமீட்டர் கதிரை உள்ளே விடாது. அதனால், மழையில் நனையக்கூடாது என்று உணரியை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அது குருடாகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முயன்று பாருங்கள்.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை. பிஐஆர் உணரி மனிதரைப் பார்ப்பதில்லை. மனிதருக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையே பார்க்கிறது. ஒரு பொருள் வெளியிடும் கதிர்வீச்சு, கெல்வின் அளவில் அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இந்தக் கணக்கின்படி 34 பாகை செல்சியஸ் உள்ள தோல், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 504 வாட் வெளியிடும். கேமரன் மலையில் மாலை நேரத்தில் பின்னணி 22 பாகை என்றால் அது 429 வாட் வெளியிடும். வேறுபாடு ஏறத்தாழ 75 வாட். ஈப்போவில் நண்பகலில் பின்னணி 33 பாகை என்றால் வேறுபாடு வெறும் 7 வாட்தான். அதே மனிதர், அதே உணரி. ஆனால் சமிக்ஞை பத்தில் ஒரு பங்காகிவிட்டது! பகலில் ஆளைத் தவறவிடும் அலாரம் இரவில் பூனைக்கெல்லாம் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூனை மட்டுமல்ல, பல்லியும் தொல்லை தரும். வில்லையின் மீதே ஊர்ந்து போகும் ஒரு பல்லி, உணரியின் பார்வையில் மிகப் பெரிய உருவம். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை மீது திடீரென மழை பெய்து சூடான காற்று எழும்பினாலும் அலாரம் ஒலிக்கலாம். இடுப்பு உயரத்தில், சற்றும் கீழ்நோக்கிச் சாயாமல் பெட்டியைப் பொருத்தினால் பூனைகள் பெரும்பாலும் பார்வைக்குக் கீழே போய்விடும். மேற்கு வெயில் நேரே விழாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாகனம் வருவது மட்டும் தெரிந்தால் போதும் என்றால், பாதையோர மண்ணில் புதைக்கும் காந்த உணரியே சிறந்தது என்பது என் கருத்து. மலேசியாவில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இரும்பாலான பெரிய கார் அருகே வரும்போது அந்தப் புலம் சற்றே வளையும். உணரி அதை அறியும். பூனைக்கும் பல்லிக்கும் வாழை இலைக்கும் அது அசையாது. ஆனால் நடந்து வரும் மனிதரையும் அது கண்டுகொள்ளாது.

திறக்காமலே இணைக்கலாம்

உள்பெட்டியில் இருந்து அந்த ‘ஆம்’ என்ற சொல்லை எப்படி எடுப்பது? வாங்கும்போதே பின்பக்கத்தைப் பாருங்கள். விலை சற்று அதிகமுள்ள சில பெட்டிகளில் ‘காம்’, ‘என்ஓ’, ‘என்சி’ என்று குறிக்கப்பட்ட திருகு முனைகள் மூன்று இருக்கும். உள்ளே ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சு இருக்கிறது என்று பொருள். ‘காம்’ என்பது பொது முனை. அலாரம் ஒலிக்கும்போது மட்டும் ‘என்ஓ’ அதோடு சேரும். ‘என்சி’ சாதாரண நேரத்தில் சேர்ந்திருந்து அலாரத்தின்போது பிரியும். அந்த முனைகளில் மின்சாரம் எதுவும் வராது. அது வெறும் சுவிட்சு. உங்கள் நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் ஒரு பின்னையும் தரைமுனையையும் அதில் இணைத்தால் வேலை முடிந்தது.

அப்படிப்பட்ட முனைகள் இல்லையென்றால், பெட்டியைத் திறந்து விளக்கிலிருந்தோ ஒலிபெருக்கியிலிருந்தோ கம்பி இழுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் வகைப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மலிவான பெட்டிகள் சிலவற்றில் மின்மாற்றி இருக்காது. ஒரு மின்தேக்கியை வைத்தே 230 வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். அத்தகைய பெட்டியின் உள்ளே உள்ள எந்தக் கம்பியும், சிறு எல்இடி விளக்கின் கால்கூட, வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ஐந்து வோல்ட்தானே என்று தொட்டால் உயிருக்கே ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

சரி, திறக்காமல் எப்படி? பெட்டியின் விளக்கு வெளியே தெரிகிறதல்லவா? அதையே படித்துக்கொள்ளலாம். படிவம் 5 இயற்பியலில் மின்னணுவியல் பாடத்தில் எல்டிஆர் என்ற ஒளியுணர் மின்தடையத்தைப் பற்றிப் படிப்பீர்கள். இருட்டில் அதன் மின்தடை சுமார் ஒரு மெகாஓம். நல்ல வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓம்களாகக் குறைந்துவிடும். அந்த எல்டிஆரை அலாரப் பெட்டியின் விளக்கின் மீது முகம் பொருந்த வைத்து, வெளி வெளிச்சம் புகாதபடி கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். அதோடு 10 கிலோஓம் மின்தடையம் ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்த்து, நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் 3.3 வோல்ட்டைக் கொடுங்கள். எல்டிஆர் 3.3 வோல்ட் பக்கமும் மின்தடையம் தரைப் பக்கமும் இருக்கட்டும்.

இப்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள புள்ளியில் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவோம். விளக்கு அணைந்திருக்கும்போது 3.3 × 10 ÷ 1010, அதாவது 0.03 வோல்ட். விளக்கு எரிந்து எல்டிஆர் 5 கிலோஓமுக்கு இறங்கினால் 3.3 × 10 ÷ 15, அதாவது 2.2 வோல்ட். இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பலகை எளிதாகப் பிரித்தறியும். ஒன்றரை வோல்ட்டைத் தாண்டினால் ‘ஆம்’ என்று நிரலில் எழுதிவிட்டால் போதும். இஎஸ்பி32 பலகையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: வைஃபை இயங்கும்போது அதன் எல்லாப் பின்களும் மின்னழுத்தத்தை அளக்காது. 32 முதல் 39 வரை எண்ணிட்டவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், 34 வசதியானது.

அலாரத்துக்கும் உங்கள் பலகைக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நடுவே கடந்து போவது ஒளி மட்டும். பொறியாளர்கள் இதே வித்தையை நான்கு கால் கொண்ட சிறு கறுப்புச் சில்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆப்டோகப்ளர் என்று பெயர். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். பரவலாகக் கிடைக்கும் பிசி817 சில்லு இரு பக்கத்துக்கும் இடையே 5,000 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. டேப் ஒட்டி நீங்கள் செய்ததும் ஓர் ஆப்டோகப்ளர்தான்; அளவு கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

பேட்டரியிலோ தனி யுஎஸ்பி அடாப்டரிலோ இயங்கும் பெட்டியாக இருந்தால், ஆசிரியரின் துணையோடு திறந்து உண்மையான ஆப்டோகப்ளரை இணைக்கலாம். 5 வோல்ட் பெட்டிக்கு 470 ஓம் மின்தடையம் போதும்: எல்இடி எடுத்துக்கொள்ளும் 1.2 வோல்ட்டைக் கழித்து 470ஆல் வகுத்தால் 8 மில்லிஆம்பியர் வரும். அது பாதுகாப்பான அளவு. புதைத்த உணரியிலிருந்து நீண்ட கம்பி வீட்டுக்குள் வருகிறது என்றால் ஆப்டோகப்ளர் மிகவும் அவசியம். இடிமின்னல் மிகுந்த நாடு நம்முடையது. அருகில் எங்கோ விழும் மின்னல்கூட நீண்ட கம்பியில் திடீர் மின்னழுத்தத்தைத் தூண்டும். நேரடியாக விழும் மின்னலை எந்தச் சில்லும் தடுக்காது என்பது வேறு விஷயம்.

ஒரு கார், பதினைந்து மணி

இணைத்துவிட்டீர்கள். கார் ஒன்று வருகிறது. அம்மாவின் கைப்பேசியில் பதினைந்து செய்திகள்! என்ன நடந்தது? பெட்டியின் விளக்கு, மணி ஒலிக்கும் நேரம் முழுவதும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சிமிட்டலையும் புதிய விருந்தாளி என்று பலகை எண்ணிக்கொண்டது. ரிலே முனைகளிலும் இதே கதைதான். உலோக நாக்கு மூடும்போது சில மில்லிவிநாடிகள் துள்ளித் துள்ளியே நிலைகொள்ளும். வேகமான பலகைக்கு அந்தத் துள்ளல் ஒவ்வொன்றும் தெரியும்.

தீர்வு எளிது. முதல் ‘ஆம்’ வந்தவுடன் செய்தியை அனுப்பு; அதன்பின் 30 விநாடிகளுக்கு வரும் எதையும் பொருட்படுத்தாதே என்று நிரலில் எழுதவேண்டும். ஆனால் ஏன் 30? பத்து விநாடியாக வைத்தால், கேட்டைத் திறக்கக் காரை நிறுத்தி இறங்குபவர் இரண்டாவது விருந்தாளியாகிவிடுவார். ஐந்து நிமிடமாக வைத்தால், அவருக்குப் பின்னால் வந்த வேறொருவர் கணக்கிலேயே வரமாட்டார். உங்கள் பாதையின் நீளத்தையும் வீட்டார் பழக்கத்தையும் பார்த்து நீங்களே முடிவு செய்யவேண்டிய எண் அது.

பலகையிடமிருந்து செய்தியைப் பெற்று விதிகளைச் செயல்படுத்த ஒரு மையம் தேவை. ஹோம் அசிஸ்டெண்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பெயர்போனது. 2013இல் தொடங்கிய அந்தத் திட்டம், ராஸ்பெரி பை போன்ற சிறிய கணினியிலேயே இயங்கும். எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடப்பதால், இணையம் துண்டிக்கப்பட்டாலும் தாத்தாவின் விளக்கு சிமிட்டும். கைப்பேசிச் செய்தி மட்டும் நின்றுபோகும். வெளிநாட்டில் எங்கோ இருக்கும் கணினியை நம்பியிருக்கும் முறைகளில் இந்த வசதி கிடையாது. இன்னொன்று: விளக்கைக் கட்டுப்படுத்த ஸ்மார்ட் பல்பு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். சுவர் சுவிட்சைக் கழற்றும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

விதிகளை எழுதுவது தமிழில் வாக்கியம் எழுதுவது போன்றதுதான். ‘வாசல் உணரி ஆம் என்றால், சூரியன் மறைந்திருந்தால், முன்வாசல் விளக்கை ஐந்து நிமிடம் எரியவிடு.’ ‘வாசல் உணரி ஆம் என்றால், வீட்டார் கைப்பேசி எதுவும் வீட்டு வைஃபையில் இல்லையென்றால், அம்மாவுக்குச் செய்தி அனுப்பு.’ ஒவ்வொரு நிபந்தனையும் அந்த ஒற்றைப் பிட்டுக்குக் கொஞ்சம் பொருள் சேர்க்கிறது.

இனிப் பூனைக்கு வருவோம். பூனையும் இலையும் பல்லியுமாகச் சேர்ந்து ஓர் இரவில் நான்கு முறை அலாரத்தை எழுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே கவனிக்கவேண்டிய ஆள் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மாதத்தில் 120 பொய் மணி, ஒரு மெய் மணி. 121இல் ஒன்றை நம்பி எழுந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இரண்டாம் வாரமே வீட்டார் அந்த ஒலிக்குக் காதை மூடிக்கொள்வார்கள். அப்புறம் உண்மையான ஆள் வரும் இரவிலும் யாரும் எழமாட்டார்கள். அப்படிப்பட்ட அலாரம் இல்லாத வீட்டைவிட, இருக்கிறது என்று நம்பிப் படுக்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பாதையில் ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் இரண்டாவது உணரி ஒன்றை வைத்து, இரண்டும் பத்து விநாடிக்குள் ஒலித்தால்தான் எழுப்பு என்று விதி எழுதிப் பாருங்கள். இரண்டாவதும் இரவில் நான்கு முறை பொய் சொல்லட்டும். பத்து மணி நேர இரவு என்றால் 36,000 விநாடி. முதல் உணரியின் ஒவ்வொரு பொய்யையும் சுற்றி, முன்னும் பின்னும் பத்தாக 20 விநாடி ஆபத்தான நேரம். அதற்குள் இரண்டாவதன் பொய் ஒன்று விழும் வாய்ப்பு 4 × 20 ÷ 36,000. நான்கு பொய்களுக்கும் சேர்த்தால் ஓர் இரவுக்கு 0.009 அளவில் வரும். அதாவது நூறு இரவுக்கு மேல் கடந்துதான் ஒரு பொய் மணி. ஒரு ரிங்கிட் பெறாத நிரல் வரி செய்யும் வேலை இது!

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு, கண்டுபிடித்தீர்களா? இரண்டு பொய்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டோம். பல்லிக்கு அது பொருந்தும். பாதை முழுவதும் ஓடிவரும் பூனைக்குப் பொருந்தாது. அது இரண்டு உணரிகளையும் வரிசையாக எழுப்பும். அதனால்தான் இரண்டாவது உணரி வேறு வகையைச் சேர்ந்ததாக இருப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, இடுப்பு உயரத்தில் பாதையின் குறுக்கே செல்லும் அகச்சிவப்புக் கற்றை. பூனை அதன் கீழே போய்விடும், மனிதரால் முடியாது. இரண்டில் எது முதலில் ஒலித்தது என்று பார்த்தால், வருகிறார்களா போகிறார்களா என்பதும் தெரிந்துவிடும். காலையில் பள்ளிக்குப் போகும் உங்களுக்காகத் தாத்தாவின் விளக்கு சிமிட்டத் தேவையில்லை.

மௌனத்துக்கும் பொருள் உண்டு

பொய் மணியைவிடக் கொடியது ஒலிக்காத மணி. வெளிப்பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் பயங்கரம். யாரும் வராத நாளும் உணரி செத்துப்போன நாளும் உள்பெட்டிக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்த வகை வானொலித் தொடர்பு பெரும்பாலும் ஒருவழிப் பாதை. வெளிப்பெட்டி பேசும், உள்பெட்டி கேட்கும். ‘நலமா?’ என்று திருப்பிக் கேட்க வழியில்லை.

பழைய பாதுகாப்பு மணிகளை அமைத்தவர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். முன்பு சொன்ன ‘என்சி’ முனை நினைவிருக்கிறதா? அதைப் பயன்படுத்தினால் சாதாரண நேரத்தில் சுற்று மூடியே இருக்கும். மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றால் அலாரம். கம்பியை எலி கடித்தாலும், யாராவது வெட்டினாலும், முனை துருப்பிடித்துப் பிரிந்தாலும் ஓட்டம் நின்று மணி ஒலிக்கும். ‘என்ஓ’ முனையில் கம்பி அறுந்தால் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து கம்பி வரும் உணரிகளுக்கு ‘என்சி’ முனையையே பயன்படுத்துங்கள்.

கம்பியில்லாத உணரிக்கு, மையக் கணினியின் நினைவாற்றல் உதவும். காலையில் வீட்டார் வெளியே போவார்கள், மாலையில் திரும்புவார்கள். ஆகவே ஒருநாளில் குறைந்தது இரண்டு முறையாவது உணரி ஒலித்தே தீரும். ‘24 மணி நேரமாக ஒரு சத்தமும் இல்லையென்றால், பேட்டரியைப் பார் என்று செய்தி அனுப்பு’ என ஒரு விதி எழுதிவிடுங்கள். தனித்து இயங்கிய பழைய மணியால் செய்ய முடியாத காரியம் இது. இணைப்பதால் கிடைக்கும் பலன்களில் விளக்கு எரிவதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அலாரம் நலமாக இருந்து, அதைப் படிக்கும் இஎஸ்பி32 பலகை செத்துப்போனால்? அதற்கும் வழி உண்டு. பலகையும் மையமும் பேசிக்கொள்ளப் பலர் பயன்படுத்தும் செய்தி நெறிமுறை எம்கியூடிடி. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இரு பொறியாளர்கள் அதை உருவாக்கினார்கள். தொலைதூர எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காகப் பிறந்தது அது. செயற்கைக்கோள் தொடர்புக்குச் செலவு அதிகம் என்பதால் செய்திகள் மிகச் சிறியவை. தலைப்பகுதி இரண்டே பைட்டில் தொடங்குகிறது. பாலைவனத்தில் தனியாக நிற்கும் கருவி எந்த நேரமும் செத்துப்போகலாம் அல்லவா? அதனால் ஒவ்வொரு கருவியும் இணையும்போதே ஓர் உயில் எழுதிக் கொடுக்கலாம். ஆமாம், அந்த நெறிமுறையிலேயே அதற்கு உயில் என்றுதான் பெயர்! ‘நான் பேசாமல் போனால் இந்தச் செய்தியை எல்லாருக்கும் சொல்லிவிடு’ என்பதே அதன் உள்ளடக்கம். 60 விநாடிக்கு ஒருமுறை பேசுவதாக ஒப்புக்கொண்ட பலகை 90 விநாடி வரை மௌனமாக இருந்தால், நடுவர் கணினி அந்த உயிலை வாசித்துவிடும். வீட்டில் உடனே தெரிந்துவிடும்.

கேட்டைத் திறக்கும் பொறுப்பு மட்டும் வேண்டாம்

ஆர்வமுள்ள சிலர், உள்பெட்டியே தேவையில்லை, வெளிப்பெட்டியின் வானொலி அலையை நேராகவே பிடிக்கலாமே என்று கேட்பார்கள். முடியும். இந்தக் கருவிகளில் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அதன் அலைநீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 17.3 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒன்றை ஏரியலாக வைத்த சிறிய பெறும் பலகை, பாதை முனையிலிருந்து வரும் செய்தியைக் கேட்டுவிடும். உணரி வாங்கும்போது அதில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவி, இங்கே வேறு சேவைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் பேசக்கூடும்.

ஆனால் நீங்கள் கேட்க முடிகிறதென்றால் பக்கத்து வீட்டாரும் கேட்கலாம். மலிவான உணரிகளில் பரவலாக உள்ள ஒருவகைச் சில்லில் அடையாள எண்ணுக்கு 20 பிட்டுகள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் கிடைக்கும் என்பதால், பக்கத்து வீட்டு உணரியோடு தற்செயலாகக் குழம்பும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த எண் ஒருபோதும் மாறுவதில்லை, மறைகுறியாக்கமும் கிடையாது. ஒருமுறை அதைப் பதிவு செய்தவர், மீண்டும் மீண்டும் அதையே ஒலிபரப்பி உங்கள் வீட்டை ஏமாற்றலாம். இப்போதைய கார்ச் சாவிகள் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை அனுப்புவது இந்தத் தந்திரத்தை முறியடிக்கத்தான்.

விளக்கு எரிவதற்கும் செய்தி போவதற்கும் இதனால் பெரிய கேடு இல்லை. யாரோ விளையாட்டுக்கு ஏமாற்றினால் முன்வாசல் விளக்கு ஐந்து நிமிடம் எரியும், அவ்வளவுதான். ஆனால், ‘அப்பாவின் கார் வரும் நேரத்தில் உணரி ஒலித்தால் தானியங்கி கேட்டைத் திற’ என்ற விதியை எழுத யாருக்கும் ஆசை வரும், எழுதாதீர்கள். அந்த ஒற்றைப் பிட்டுக்கு வந்தவர் யார் என்பது தெரியாது. கேட்டைத் திறப்பதற்கு அப்பாவின் கையிலிருக்கும் ரிமோட்டே போதும்.